சாட்சி யார்?



‘முதல்’ என்ற சொல்லின் மேல் நம் எல்லோருக்கும் ஓர் ஆசை. வகுப்பில் முதல், ஓட்டத்தில் முதல், விடுதிச் சாப்பாட்டு வரிசையில்கூட முதல்! அந்த ஆசை எனக்கும் உண்டு. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும், அங்கிருந்து மீள உலகத்தின் உச்சியில் நடந்த ஒரு பழைய வழக்கு எனக்கு எவ்வாறு உதவியது என்பதையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

சென்ற கல்வியாண்டில் அறிவியல் கண்காட்சிக்காக நான் மழையளவு எடுத்தேன். கெபிக்குப் பின்னால் உள்ள திறந்த வெளியில் ஒரு கண்ணாடி ஜாடியையும், அதே வாயகலமுள்ள ஒரு புனலையும் வைத்து, ஜாடியின் மேல் அளவுகோல் ஒட்டினேன். அக்டோபர் முதல் தேதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை 92 நாட்கள், நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவு பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நான் பேருந்தில் வந்துபோகும் மாணவி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மழை விடுமுறைகளிலும் என்னால் வர இயலாது. ஆகவே அந்த நாட்களில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் தோழி அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவாள். அப்படி 22 நாட்கள் அவள் அளந்தாள். நான் அவற்றை என் கையெழுத்தில் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டேன்.

தீபாவளிக்கு விடுதியும் மூடப்பட்டதால் மூன்று நாட்கள் அளக்க யாருமில்லை. நான்காம் நாள் வந்து பார்த்தபோது ஜாடியில் 41 மில்லிமீட்டர் நீர் இருந்தது. “மொத்தம் சரியாக இருந்தால் போதாதா?” என்று எண்ணி, 12, 20, 9 என்று மூன்று கட்டங்களையும் நானே நிரப்பினேன்.

ஜனவரியில் நடந்த கண்காட்சியில் முதற்பரிசு கிடைத்தது. குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது என் பெயர்.

பிப்ரவரியில் ஒரு நாள் புவியியல் வகுப்பில் அந்தக் குறிப்பேடு கைமாறிக் கைமாறிச் சென்றது. ஒரு மாணவி எழுந்து, “சிஸ்டர், ஜாடியில் 120 மில்லிமீட்டர்தான் பிடிக்கும். நவம்பரில் ஒரு நாள் 164 என்று எழுதியிருக்கிறதே, அது எப்படி?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு விடை தெரியவில்லை. அந்தப் புயல் நாளில் அளந்தவள் நான் அல்ல. எப்படி அளந்தாய் என்று நான் கேட்டதும் இல்லை. யாரோ சிரித்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து என் தோழி எழுந்தாள்.

“அன்று இரவு பதினோரு மணிக்கே ஜாடி நிரம்பப் பார்த்தது சிஸ்டர். விடுதி சிஸ்டர் டார்ச் பிடித்தார்கள். அளந்து கொட்டிவிட்டோம். அப்போது 96. காலையில் 68. இரண்டும் சேர்த்துத்தான் 164.”

‘அளந்தேன்’ என்று அவள் சொல்லவில்லை, ‘அளந்தோம்’ என்றாள். அன்று இரவு பதினோரு மணிக்கு நான் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போர்வைக்குள் உறங்கிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றிய அந்த ஒரு சொல் முள்ளாகக் குத்தியது. சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார்கள். “இது வட துருவம். இங்கே முதலில் போனது யார், தெரியுமா?” என்று தொடங்கினார்கள். அன்று கேட்டதையும், பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1909-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள லெர்விக் துறைமுகத்திலிருந்து ஒரு தந்தி புறப்பட்டது. பிரெடரிக் குக் என்ற அமெரிக்க மருத்துவர், 1908 ஏப்ரல் 21-ஆம் நாளே தாம் வட துருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்தார். அவருடன் சென்றவர்கள் எடுகிஷூக், அவேலா என்ற இரு இனுயிட் இளைஞர்கள். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் அவருக்கு மாலை மரியாதைகள் நடந்தன.

ஐந்தே நாட்களில், செப்டம்பர் 6-ஆம் தேதி, லாப்ரடார் கரையிலிருந்து இன்னொரு தந்தி வந்தது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பியரி, 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் தாமே துருவத்தை அடைந்ததாக அறிவித்தார். குக் சொல்வது பொய் என்றும் சாடினார். ஒரே வாரத்தில் உலகத்துக்கு இரண்டு ‘முதல்வர்கள்’ கிடைத்துவிட்டார்கள்! செய்தித்தாள்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தன.

இருவரும் முன்பின் அறியாதவர்கள் அல்லர். 1891-இல் பியரி கிரீன்லாந்துக்குச் சென்றபோது, அந்தப் பயணத்தில் மருத்துவராக உடன் இருந்தவர் குக். வழியில் பியரியின் கால் எலும்பு முறிந்தது. அதற்குக் கட்டுப் போட்டவரும் அவரே.

தோழியரே, தென் துருவத்தைப் பற்றி இப்படி ஒரு வழக்கு எழவில்லையே, வட துருவத்தைப் பற்றி மட்டும் ஏன்? தென் துருவம் நிலத்தின் மேல் படிந்த பனியில் இருக்கிறது. அங்கே நட்ட கூடாரத்தை அடுத்து வருபவர் காணலாம். வட துருவமோ கடலின் மேல் இருக்கிறது. நான்காயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழமுள்ள கடலின் மீது மிதக்கும் பனிப்பாளம் அது. ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று நட்ட கொடி அடுத்த வாரம் வேறெங்கோ போயிருக்கும். ஆகவே அங்கே போய்வந்தவருக்கு இரண்டே சாட்சிகள்: செக்ஸ்டன்ட் என்னும் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து எழுதிய குறிப்பேடு ஒன்று, உடன் வந்த மனிதர்கள் மற்றொன்று.

குக்கின் குறிப்பேடு எங்கே? தம் பெட்டிகளையும் கருவிகளையும் கிரீன்லாந்தில் ஒரு வேட்டைக்காரரிடம் விட்டு வந்ததாக அவர் சொன்னார். அந்த வேட்டைக்காரர் பியரியின் கப்பலில் ஏறி அங்கிருந்து கிளம்பினார். குக்கின் பொருள் எதையும் ஏற்ற முடியாது என்று பியரி மறுத்துவிட்டதால், அவை அங்கேயே பாறைகளுக்கிடையில் விடப்பட்டன. 1909 டிசம்பரில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் குழு, குக் அனுப்பிய தாள்களைப் பார்த்துவிட்டு, அவர் துருவத்தை அடைந்ததற்குச் சான்று இல்லை என்று தீர்ப்பளித்தது.

அதற்குள் இன்னொரு பழைய கணக்கும் வெளியே வந்தது. 1906-இல் வட அமெரிக்காவிலேயே உயரமான மக்கின்லி சிகரத்தில் முதலில் ஏறியவர் தாமே என்று குக் நூல் எழுதியிருந்தார். அவருடன் சென்ற எட் பாரில், நாங்கள் உச்சிக்குப் போகவே இல்லை என்று 1909-இல் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். குக் ‘உச்சி’ என்று காட்டிய புகைப்படம், உண்மையான உச்சியிலிருந்து பல மைல் தள்ளியிருந்த ஒரு சிறு குன்றில் எடுக்கப்பட்டது என்பதை மறு ஆண்டு அங்கே சென்றவர்கள் கண்டறிந்தார்கள். ஒரு பொய் தெரிந்ததும் மற்றதையும் ஒருவரும் நம்பவில்லை. இந்த இடத்தைக் கேட்டபோது என் நெஞ்சு திக்கென்றது. தீபாவளியின் மூன்று கட்டங்கள் என் கண்முன் வந்து நின்றன. அவை தெரிய வந்தால், புயல் இரவின் 164-ஐ யார் நம்புவார்கள்?

அப்படியானால் பியரிதான் முதல்வரா? 1909-இல் அமெரிக்காவின் தேசியப் புவியியல் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. 1911-இல் அமெரிக்க நாடாளுமன்றமும் சிறப்புச் செய்தது. நெடுங்காலம் பாடப் புத்தகங்களில் அவர் பெயரே இருந்தது. ஆயினும் ஐயம் ஓயவில்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். பியரி மார்ச் முதல் தேதி 83 பாகை 7 கலையில் உள்ள கொலம்பியா முனையிலிருந்து கிளம்பினார். ஏப்ரல் முதல் தேதி 87 பாகை 47 கலையில் இருந்தார். அதாவது ஒரு மாதத்தில் 280 கடல் மைல். சராசரி நாளுக்கு ஒன்பது. பனிக்கடல் பிளந்து நீர் குறுக்கிட்டதால் சில நாட்கள் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்து துருவத்துக்கு 133 கடல் மைல். அதை அவர் ஐந்து நாட்களில் கடந்ததாக எழுதினார்: நாளுக்கு 26-க்கும் மேல்! கடைசியில் வண்டிகளில் சுமை குறைவு, நல்ல நாய்கள், நல்ல பனிப்பரப்பு என்று அவர் பக்கம் பேசுவோர் கூறுகின்றனர். இந்த வேகம் எப்படி வந்தது என்று மற்றவர்கள் கேட்கின்றனர்.

வேகம் கூடியது எந்த இடத்தில் என்று கவனியுங்கள். 87 பாகை 47 கலையில்தான் கப்பல் தலைவர் பாப் பார்ட்லெட்டைப் பியரி திருப்பி அனுப்பினார். அந்த அட்சரேகையைக் கருவியால் அளந்து எழுதிக் கொடுத்தவர் பார்ட்லெட்தான். தனியே அளந்து பார்த்து ‘ஆம், இதுவே இடம்’ என்று சொல்லக்கூடியவர் அவர். அவர் திரும்பிய பின் கணிப்பைச் செய்தவர் பியரி ஒருவரே.

அப்படியென்றால் பியரி தனியாகவா போனார்? இல்லை. அவருடன் ஐந்து பேர் இருந்தார்கள். ஊட்டா, எகிங்வா, சீக்லூ, ஊக்கியா என்ற நான்கு இனுயிட் வீரர்கள். ஐந்தாமவர் மாத்யூ ஹென்சன். ஹென்சன் அமெரிக்கக் கறுப்பினத்தவர். சிறு வயதிலேயே கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர். 1887-இல் வாஷிங்டனில் ஒரு தொப்பிக் கடையில் வேலை செய்தபோது பியரியைச் சந்தித்தார். இருபதாண்டுக்கு மேல் அவருடன் உழைத்தார். இனுயிட் மொழியை நன்றாகப் பேசினார்; நாய் வண்டி ஓட்டுவதில் வல்லவர். உறைபனியால் பியரி கால்விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்திருந்தார். ஆகவே முன்னால் சென்று வழி உண்டாக்கியது ஹென்சனும் இனுயிட் வீரர்களுமே. இடத்தை அடைந்தபோது தாமே முன்னால் இருந்ததாக ஹென்சன் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் பரிசுகளும் பதவியும் பியரிக்கு வந்தன. ஹென்சனோ நியூயார்க்கில் சுங்க அலுவலகத்தில் ஒரு சாதாரண வேலையில் காலம் கழித்தார்.

1980-களில் பியரியின் நாட்குறிப்பை வாலி ஹெர்பர்ட் என்ற பிரிட்டிஷ் பயணி ஆராய்ந்தார். துருவத்தில் தங்கியதாகச் சொன்ன நாட்களுக்குரிய பக்கங்களில் வெறுமை இருந்தது. துருவம் கிட்டியது என்ற குறிப்பு தனித்தாளில் எழுதிச் செருகப்பட்டிருந்தது. பியரி பல மைல் விலகிப் போயிருக்கலாம் என்று ஹெர்பர்ட் 1988-இல் எழுதினார். மறு ஆண்டே, புகைப்படங்களின் நிழல்களைக் கொண்டு ஆய்ந்த ஒரு குழு, பியரி துருவத்துக்கு மிக அருகில் சென்றார் என்றது. நூறாண்டு கடந்தும் வழக்கு முடிந்தபாடில்லை. அவர் உண்மையாகவே போயிருந்தால் எத்தனை பரிதாபம்! உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் போவதைவிடத் துன்பம் உண்டா?

இனி உலகத்தின் மறுமுனைக்கு வாருங்கள். 1911 டிசம்பர் 14-ஆம் நாள் நார்வே நாட்டு ரோல்ட் அமுண்ட்சென் நான்கு தோழர்களுடன் தென் துருவத்தை அடைந்தார். குக்–பியரி சண்டையை நன்றாக அறிந்தவர் அவர். கொடிக்கம்பத்தை ஐவரும் சேர்ந்தே பிடித்து நட்டார்கள். கணிப்பில் சிறு பிழை இருந்தாலும் துருவம் தப்பிவிடக் கூடாது என்று மூன்று பேர் மூன்று திசைகளில் பத்து மைல் அளவு சறுக்கிச் சென்று அடையாளம் வைத்துத் திரும்பினார்கள். ஒருவர் கணிப்பில் மற்றவர் சாட்சிக் கையொப்பம் இட்டார்கள். கூடாரம் ஒன்றை அங்கேயே விட்டு, நார்வே மன்னருக்கு ஒரு கடிதமும் வைத்தார்கள்; அடுத்து வரும் ஸ்காட் அதை எடுத்துச் சென்று சேர்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள்.

1912 ஜனவரி 17-ஆம் நாள் வந்து சேர்ந்த பிரிட்டிஷ் தலைவர் ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் கூடாரத்தைக் கண்டார்கள். தோற்றுப்போனவருடைய வேதனையை என்னவென்று சொல்வது! ஆயினும் ஸ்காட் அக்கடிதத்தை எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் தேடிச் சென்றவர்கள் அவருடைய உடைமைகளுக்கிடையே அக்கடிதத்தைக் கண்டெடுத்தார்கள். வென்றவரின் வெற்றிக்குச் சாட்சி, தோற்றவர் சாகும்வரை சுமந்து வந்த கடிதம். சிஸ்டர் இதைச் சொன்னபோது வகுப்பில் ஓர் ஓசையும் இல்லை.

வட துருவத்தை ஐயத்துக்கிடமின்றி முதலில் கண்டவர் யார் என்றால், அதற்கும் அமுண்ட்செனிடமே வர வேண்டியிருக்கிறது. 1926 மே 9-ஆம் நாள் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ட் விமானத்தில் துருவத்துக்கு மேல் பறந்ததாக அறிவித்தார். ஆனால் 1996-இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பில் செக்ஸ்டன்ட் அளவுகள் அழிக்கப்பட்டிருந்தது தெரிந்து, அதுவும் வழக்காயிற்று. அவருக்கு மூன்று நாள் பின்னால், மே 12-ஆம் நாள், அமுண்ட்சென், எல்ஸ்வொர்த், நோபிலே உள்ளிட்ட பதினாறு பேர் ‘நோர்கே’ என்ற ஆகாயக் கப்பலில் துருவத்தைக் கடந்து அலாஸ்காவில் இறங்கினார்கள். பதினாறு சாட்சிகள்! ஒருவரும் ஐயுறவில்லை. 1968-இல் ரால்ப் பிளெய்ஸ்டெட் குழுவினர் பனிமோட்டார் வண்டிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்க விமானப்படையினர் மேலே பறந்து இடத்தை உறுதி செய்தார்கள். 1969 ஏப்ரல் 6-ஆம் நாள் வாலி ஹெர்பர்ட் மூன்று தோழர்களுடன் நாய் வண்டிகளில் அடைந்தார். 1986-இல் எட்டுப் பேர் கொண்டு புறப்பட்ட ஒரு குழுவில் ஆன் பான்கிராஃப்ட் என்ற பெண்ணும் பனியில் நடந்து துருவம் சேர்ந்தார். தோழியரே, அவர் பள்ளியில் உடற்கல்வி கற்பித்த ஆசிரியை!

எல்லாவற்றையும் படித்த பின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ‘முதல்’ என்ற பெயரைத் தமக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் சாட்சிகளை இழந்தார்கள். பெயரைப் பகிர்ந்துகொண்டவர்களை உலகம் நம்பியது. நானும் என் தோழியின் பெயரை விட்டேன்; அதனால் என் குறிப்பேட்டின் உண்மையைக் காக்க எனக்கே தெரியாமல் போயிற்று. அவள் எழுந்து சொல்லவில்லை என்றால் புயலின் 164 பொய்யாகவே நின்றிருக்கும். ஸ்காட் அக்கடிதத்தை எடுத்துச் சென்றதுபோல், என் உண்மையை அவள் சுமந்து வந்தாள்.

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் சிஸ்டரிடம் சென்று, 22 நாட்களைப் பற்றியும் தீபாவளியைப் பற்றியும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். “மொத்தம் 41 சரிதான் சிஸ்டர்” என்றேன்.

“மொத்தம் சரியாக இருக்கலாம் அம்மா. ஆனால் 12, 20, 9 என்பதைப் பார்த்தது யார்?” என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் இல்லை. ரப்பரை எடுத்தேன். சிஸ்டர் என் கையைத் தடுத்தார்கள். “அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடி. பக்கத்தில், ‘அளக்கவில்லை, மூன்று நாள் மொத்தம் 41’ என்று எழுதி, இன்றைய தேதியைப் போடு” என்றார்கள். அப்படியே செய்தேன். பிறகு என் தோழியை அழைத்து, அவள் அளந்த 22 நாட்களின் எதிரே அவளையே கையெழுத்திடச் சொன்னேன். “இதற்குப் போய் இத்தனை அமர்க்களமா?” என்று சிரித்துக்கொண்டே இட்டாள். புயல் நாளின் எதிரே மட்டும், ‘இரவு 11 மணி 96, காலை 68’ என்று தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள்.

கண்காட்சி நடத்தியவர்களுக்கு நான் கடிதம் எழுதி, சான்றிதழைத் திருப்பி அனுப்பினேன். வீட்டில் அம்மா அதற்காகச் சுவரில் அடித்து வைத்திருந்த ஆணி இன்னும் வெறுமனே இருக்கிறது. முதலில் அதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அப்பா, “ஆணி இருக்கட்டும், எதையாவது மாட்டாமலா போய்விடுவாய்?” என்றார்.

ஹென்சன் 1955-இல் இறந்து நியூயார்க்கில் ஒரு கல்லறையில் வைக்கப்பட்டார். 1988 ஏப்ரல் 6-ஆம் நாள், அவருடைய உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குக் கொண்டுவரப்பட்டு, பியரியின் கல்லறைக்கு அருகிலேயே இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. உடன் நடந்தவர் பக்கத்தில் வந்து சேர எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. எங்களுக்கு ஒரு மாதத்துக்குள் அது முடிந்ததை எண்ணி மகிழ்கிறேன்.

என் தோழியின் பெயரை இங்கே எழுதினால் அவள் கூச்சப்படுவாள். அறிய விரும்புவோர் நூலகத்தில் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கலாம். முதற்பக்கத்தில் இப்போது இரண்டு பெயர்கள் உள்ளன. இவ்வாண்டுக்குப் புதுக் குறிப்பேடு தொடங்கியிருக்கிறோம். அதில் தேதிக்கும் அளவுக்கும் அடுத்து இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டிருக்கிறோம்: ‘அளந்தவர்’, ‘உடன் பார்த்தவர்’. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் முறை வைத்து வருகிறார்கள். மழை பெய்யாத நாளிலும் ‘0’ என்று எழுதி இருவர் கையெழுத்திடுகிறார்கள். யாரும் வர முடியாத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கிறது.

— பதினோராம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு